உப்புக் கோட்டைக்கு இரண்டு அட்டைகள்

யார்க்
4 செப்டம்பர் 1983

அன்புள்ள லயனல்,

நலமா? முதுகுவலி குறைந்ததா, இல்லை இன்னும் நின்றுகொண்டேதான் வரைகிறாயா? இங்கே நான், நெவில், ஹெட்டி மூவரும் சுகம். நீ இன்னும் பார்க்காத உன் மருமகள் ஹெட்டிக்குப் பத்து மாதம் ஆகிவிட்டது. இரண்டு பல் வந்து மூன்றாவது எட்டிப் பார்க்கிறது. தூக்கத்தில் மகாராணி. போன வாரம் பக்கத்துத் தெருவில் இடி விழுந்தது. நெவில் நாற்காலியோடு எகிறினான், அவள் அசையவில்லை.

நேற்று ரயில் நிலையப் புத்தகக் கடையில் உன்னைப் பார்த்தேன். நாவல் அட்டையில், பனிமலை மேல் நிற்கும் உன் வீரன்! ஆனால் அமெரிக்காவில் வலது கையில் வாள் பிடித்தவன், இங்கே இடது கையில் பிடித்திருக்கிறான். தலைப்புக்கு இடம் வேண்டுமென்று, உன் ஓவியத்தைப் படமெடுத்த ஸ்லைடை இடவலமாகப் புரட்டிப் போட்டு அச்சடித்துவிட்டார்கள். மூலையில் உன் கையெழுத்தும் வலமிருந்து இடமாக ஓடுகிறது. என் பக்கத்தில் நின்ற ஒரு கனவான் அதை வாங்கி, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுச் செய்தித்தாளுக்குள் மடித்து வைத்துக்கொண்டார். எங்கள் ஊரில் உன் அட்டைகளை அப்படித்தான் படிக்கிறார்கள், தெரிந்துகொள்.

எனக்கும் வேலை வந்திருக்கிறது, அட்டைப்படம்தான். பிள்ளை பிறந்த பிறகு முதல் வேலை. நாவலின் பெயர் ‘உப்புக் கோட்டை’. பதிப்பகத்து மிஸ் பார்ஜிட்டர் போனில் சொன்னாள்: “ரொவீனா, பெரியவங்க கையில பிடிக்கக் கூசாத அட்டையா இருக்கணும்மா. ஆள் வேண்டாம். டிராகன் வேண்டவே வேண்டாம்.”

நாம் வளர்ந்த பர்கன்ஹெட் ஞாபகம் வந்தது. கப்பல் ஆடாமலிருக்க அடியில் பாரமாகப் போட்டு வந்த அமெரிக்கப் புத்தகங்களை அப்பா துறைமுகத்திலிருந்து கொண்டுவருவார். அட்டையைப் பார்த்ததும் அம்மா, “இதென்ன, துணி பத்தாம நிக்கிறாளுங்க!” என்று எல்லாவற்றுக்கும் பழுப்புத்தாள் போட்டுவிடுவாள். அந்தப் பழுப்புத்தாள் மேல்தான் நான் வரைய ஆரம்பித்தேன். ஒரு சாவி, ஒரு கதவு, ஒற்றைச் செருப்பு. நீ மூலையைப் பிரித்து உள்ளே பார்த்துவிட்டு எச்சில் தொட்டு ஒட்டி வைப்பாய். நமக்குத் தொழில் அன்றைக்கே பிரித்துக் கொடுக்கப்பட்டுவிட்டது.

முதுகுக்குத் தைலம் தேய். பதில் போடு.

உன் ரோ


லாம்பர்ட்வில், நியூ ஜெர்சி
25 செப்டம்பர் 1983

அன்பு ரோ,

நான் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறேன். முதுகுதான் நமக்கு அப்பா விட்டுப்போன சொத்தாயிற்றே. நீங்கள் மூவரும் எப்படி? ஹெட்டியின் மூன்றாவது பல் வந்ததா?

புரட்டிப் போட்ட விஷயத்தைப் படித்ததும் தூரிகையைத் தூக்கி எறிந்தேன். ஒரு ஆள் முகத்தைப் புரட்டிப் போட்டால் அது வேறு ஆள்! அவன் புருவத்துத் தழும்பு இடப்பக்கம். அந்தத் தழும்பு எங்கள் ஊர் ரொட்டிக்கடைக்காரருடையது. அவர் என் கொட்டகையில் மூன்று மணி நேரம், மனைவியின் கம்பளி விரிப்பைப் போர்த்திக்கொண்டு எனக்காக நின்றார். இங்கே யாரும் மனதிலிருந்து வரைவதில்லை. ஆளை நிறுத்தி, விளக்கைப் போட்டு, போட்டோ எடுத்து, அதைப் பார்த்துத்தான் வரைகிறோம். தபால் ஆபீஸ் டெல்ஃபின் இதுவரை நான்கு ராணியும் இரண்டு சூனியக்காரியும் ஆகியிருக்கிறாள். “அடுத்த தடவையாவது எனக்கு ஒரு செருப்பு குடுப்பியா?” என்கிறாள்.

இப்போது நாற்காலியைப் பிடித்துக்கொள். அமெரிக்கப் பதிப்புக்கு ‘உப்புக் கோட்டை’ எனக்கு வந்திருக்கிறது! அதே புத்தகம். இங்கே ஓவியப் பிரிவைப் பார்க்கும் கோவாக் சொன்னது இது:

“டிராகன் வேணும், லயனல்.”

“கதையில அது ஒரே ஒரு பக்கத்துல வருதுங்க.”

“கதையில எங்க வருதுன்னு நான் கேட்டேனா? அட்டையில எங்க வருதுன்னு கேக்குறேன்.”

அந்த ஒரு பக்கம் உனக்கு நினைவிருக்கும். டிராகன் உறுமுகிறது, கோட்டையே ஓடுகிறது, நடை பழகும் குழந்தை மார்டா மட்டும் போய் அதன் மூக்கைத் தொடுகிறாள். அதைத்தான் வரையப்போகிறேன். மார்டாவுக்கு எனக்கு ஒரு குழந்தை வேண்டும். என் மருமகள் இருக்க ஊரார் பிள்ளை எதற்கு? ஹெட்டியின் போட்டோக்கள் அனுப்பு. முகம் நேராக, பக்கவாட்டில், காது, கழுத்து எல்லாம் தெரியவேண்டும்.

நெவிலிடம் விசாரித்ததாகச் சொல்.

லயனல்


யார்க்
16 அக்டோபர் 1983

லயனல்,

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. நலம் விசாரிக்கக்கூட மறந்துவிட்டேன்.

ஹெட்டிக்குக் காது கேட்கவில்லை.

சுகாதார ஊழியர் மிஸஸ் ட்ரூ வீட்டுக்கு வந்தாள். குழந்தையை என் மடியில் உட்காரவைத்து, பின்னால் நின்று கிலுகிலுப்பையை ஆட்டினாள். பிறகு கோப்பையில் கரண்டியைத் தட்டினாள். கடைசியாக மெல்லிய தாளைக் கசக்கினாள். அம்மா அட்டை போடும்போது கேட்குமே, அந்தச் சத்தம். எனக்கு உடம்பெல்லாம் கேட்டது. ஹெட்டி என் பொத்தானைத் திருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“சளியாக்கூட இருக்கும், கண்ணு. எதுக்கும் லீட்ஸ் ஆஸ்பத்திரிக்கு எழுதறேன்” என்றாள் மிஸஸ் ட்ரூ. என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

இடிக்கு அசையாத பிள்ளை என்று உனக்குப் பெருமையாக எழுதினேனே. அந்த வரியை எப்படித் திரும்ப வாங்குவது? பதினோரு மாதம் தாலாட்டு பாடியிருக்கிறேன். யாருக்குப் பாடினேன்? இதை யாரிடம் சொன்னாலும் உண்மையாகிவிடும் போல இருக்கிறது. நெவிலும் நானும் அதைப் பற்றிப் பேசாமலே பாத்திரம் கழுவுகிறோம்.

இதை நாளைக்குத் தபாலில் போடுவேன்.

ரோ


யார்க்
20 அக்டோபர் 1983

அன்புள்ள லயனல்,

கடிதம் கிடைத்தது. நீ சுகமாக இருப்பது குறித்து மகிழ்ச்சி. இங்கே அனைவரும் நலம். நெவிலுக்குக் கொஞ்சம் சளி, அவ்வளவுதான்.

ஒரே புத்தகம் இருவருக்கும்! அம்மா இருந்தால் உன் அட்டை மேல் பழுப்புத்தாள் ஒட்டி என்னிடம் கொடுத்திருப்பாள்.

என் மாதிரிப் படம் இப்படி: வெள்ளை உப்புச் சுவர், அதில் மூடிய கதவு ஒன்று, கதவில் மயிரிழை போல ஒரு விரிசல். மிஸ் பார்ஜிட்டருக்குப் பிடித்திருக்கிறது. விரிசலை மட்டும் இன்னும் கொஞ்சம் மெல்லிசாக்கச் சொன்னாள்.

ஹெட்டியின் போட்டோ ஒன்று வைத்திருக்கிறேன். ஊஸ் ஆற்றங்கரையில் வாத்துக்கு ரொட்டி போடுகிறாள். ரொம்பச் சமர்த்து.

அன்புடன்,
ரோ


லாம்பர்ட்வில்
13 நவம்பர் 1983

அன்பு ரோ,

எல்லோரும் நலம்தானே? உன் கடிதம் தந்தி மாதிரி இருந்தது. நெவில் சளி சரியாயிற்றா? ஹெட்டிக்கு ஒரு வயது! முத்தங்கள். மரக் குதிரை ஒன்று கப்பலில் வருகிறது.

போட்டோவைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். முதுகை அனுப்பியிருக்கிறாய், பெண்ணே. முதுகை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? டிராகனுக்கு யாராவது முதுகைக் காட்டுவார்களா? நீ உன் கதவுக்குப் பின்னால் எதை வேண்டுமானாலும் ஒளித்து வை. எனக்கு முகம் வேண்டும்.

இன்னொன்று. கிறிஸ்துமஸ் அன்று மதியம் போன் செய்வேன். ரிசீவரை என் மருமகள் காதில் வை. மாமா குரலைக் கேட்கட்டும். பாட்டு ஒன்று பயிற்சி செய்து வைத்திருக்கிறேன். டெல்ஃபின் கேட்டுவிட்டு, “பாவம், பச்சப்புள்ள” என்றாள்.

லயனல்


யார்க்
8 ஜனவரி 1984

அன்புள்ள லயனல்,

புத்தாண்டு உனக்கு நல்லபடியாகப் பிறந்திருக்கும். பதில் எழுத இவ்வளவு நாளானதற்கு மன்னித்துக்கொள். கிறிஸ்துமஸ் அன்று பாட்டின் நடுவில் லைன் அறுந்துபோயிற்று. திரும்ப நீ முயன்றபோதும் கிடைத்திருக்காது, அன்று எல்லோருமே பேசியிருப்பார்கள். நல்ல பாட்டு. மரக் குதிரை வந்துவிட்டது. ஹெட்டி அதன் காதைக் கடிக்கிறாள்.

என் அட்டை முடிந்து லண்டனுக்குப் போய்விட்டது. விரிசல் இப்போது கண்ணுக்கே தெரியாது. மிஸ் பார்ஜிட்டர், “எவ்வளவு நாசூக்கு!” என்றாள். அவளிடமிருந்து இதற்கு மேல் பாராட்டு கிடையாது. எனக்கு ஏனோ சந்தோஷம் வரவில்லை.

நீ கேட்ட முகம் இதோ. தோட்டத்தில் நெவில் எடுத்தது. குளிர் என்பதால் தொப்பியும் கோட்டும் போட்டிருக்கிறாள். கழற்றினால் தும்முவாள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

ரோ


லாம்பர்ட்வில்
5 பிப்ரவரி 1984

ரோ,

நீ எப்படி இருக்கிறாய்? இந்த முறை இதை மரியாதைக்காகக் கேட்கவில்லை.

துணி மடிப்பு பார்ப்பதற்காக உன் போட்டோவை உருப்பெருக்கிக்குக் கீழே வைத்தேன். அதுதானே என் பிழைப்பு. தொப்பியின் ஓரத்திலிருந்து கோட்டின் இரண்டாவது பொத்தானுக்குள் ஒரு கம்பி போகிறது. முதலில் நூல் பிரிந்திருக்கிறது என்று நினைத்தேன். நூல் அப்படி வளையாது. கோட்டுக்குள் நெஞ்சின் மேல் ஏதோ சதுரமாகப் புடைத்திருக்கிறது.

உன் பழைய கடிதங்களை எடுத்து வரிசையாக வைத்துப் படித்தேன். இடிக்கு அசையாதவள். ரொம்பச் சமர்த்து. வாத்து பார்க்கும் முதுகு. நடுவில் அறுந்த பாட்டு.

ரோ, நீ உன் ஊர் அட்டைகள் மாதிரியே கடிதம் எழுதுகிறாய். வெள்ளைச் சுவர், மூடிய கதவு. நான் உன் அண்ணன், ரயிலில் போகிற கனவான் இல்லை.

முழுப் பாட்டையும் பாடினேனே. முட்டாள். என்னைத்தான் சொல்கிறேன்.

எழுது.

லயனல்


யார்க்
18 மார்ச் 1984

அன்புள்ள அண்ணா,

பள்ளிக்கூடத்தில் அடிபட்டு வந்த நாட்களில்தான் உன்னை அண்ணா என்று கூப்பிட்டிருக்கிறேன். நீ நலமாக இரு. எனக்கு அது வேண்டும்.

ஒரு மாதமாக இந்தத் தாள் என் முன்னால் இருக்கிறது. அக்டோபரில் எழுதி இழுப்பறையில் போட்ட கடிதம் ஒன்று இதற்குள் இருக்கிறது. முதலில் அதைப் படி.

லைன் அறுந்துபோகவில்லை. நான்தான் வைத்துவிட்டேன். ரிசீவரை அவள் காதில் வைத்தேன். நீ பாடுவது எனக்கே கேட்டது. அவள் ரிசீவரின் ஓட்டைகளை விரலால் நோண்டினாள். என்னால் முடியவில்லை.

டிசம்பரில் லீட்ஸில், காது கேட்பதற்கான கருவிப் பெட்டி ஒன்று கொடுத்தார்கள். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. நெஞ்சில் வார் கட்டி மாட்டவேண்டும், அதிலிருந்து வலது காதுக்கு ஒரு கம்பி. இடது காதுக்கு எதுவும் பயனில்லையாம். வலது காதில் மட்டும் கொஞ்சம் போகிறது. கதவு சாத்தும் சத்தம், நாய் குரைப்பு. என் குரலா? தெரியவில்லை. இன்னும் திரும்பிப் பார்க்கவில்லை.

நான் செய்ததைக் கேள். பெட்டி வெளியே தெரியாமல் எல்லாச் சட்டையிலும் உள்பை தைத்தேன். துணி உரசினால் அவளுக்கு இரைச்சல்தான் கேட்கும், வெளியே மாட்டுங்கள் என்று டாக்டர் சொல்லியும் தைத்தேன். போன வாரம் பேருந்தில் கம்பியைப் பார்த்துவிட்டு ஒரு பெண் கேட்டாள்: “இத்தனூண்டு பிள்ளைக்கு இப்பவே பாட்டுக் கேக்குற பெட்டியா?” நான் சிரித்துக்கொண்டே, “ஆமாங்க, இவளுக்குப் பாட்டுன்னா உயிரு” என்றேன். இறங்கி வீடு வரும்வரை என் பெண்ணின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

தொப்பி இல்லாத போட்டோ அனுப்புகிறேன். உனக்கு முகம் வேண்டும், எடுத்துக்கொள். பெட்டியை மட்டும் விட்டுவிடு. உன் டிராகன் உலகத்திலாவது அவள் அது இல்லாமல் நிற்கட்டும். ஊர் ஊராக எல்லாக் கடையிலும் அதை மாட்டிக்கொண்டு அவள் நிற்கவேண்டாம்.

ரோ


லாம்பர்ட்வில்
10 ஏப்ரல் 1984

அன்பு ரோ,

நலம். நீயும் நெவிலும் பாத்திரம் கழுவும்போது பேச ஆரம்பித்தீர்களா?

நீ சொன்னபடி பெட்டி இல்லாமல்தான் முதலில் வரைந்தேன். அழகான குழந்தை. யாரோ ஒரு குழந்தை. டிராகனிடம் அவள் ஏன் போகிறாள் என்று படம் சொல்லவில்லை. கதையும்தான் சொல்லவில்லை, நீ கவனித்தாயா? கோட்டையே அந்த உறுமலுக்கு ஓடும்போது ஒருத்தி மட்டும் எதற்கு முன்னால் நடக்கிறாள்? எனக்கு இப்போது தெரிந்துவிட்டது. அதனால் மறுபடி வரைந்தேன். நெஞ்சில் பித்தளைப் பெட்டி, வலது காதுக்கு ஒரு கம்பி. சட்டைக்கு மேலே.

கோவாக் வந்து பார்த்தான்.

“நெஞ்சுல என்னய்யா அது, ரேடியோவா?”

“இல்ல.”

“அப்ப மந்திரப் பெட்டியா?”

“இல்லப்பா. அது அவ காது.”

குனிந்து, படத்துக்குக் கிட்டே முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்தான். பிறகு, “பித்தளை இன்னும் மினுக்கா இருக்கட்டும். அந்த இடத்துல தங்கத்தாள் ஒட்டிடுவோம்” என்றான். அமெரிக்காவில் இதற்கு மேல் மரியாதை கிடையாது, ரோ.

ஆனால் அவள் உன் மகள். வேண்டாம் என்றால் சொல், ஒரு மணி நேரத்தில் மேலே வண்ணம் பூசிவிடுவேன். மே முதல் தேதி ஒப்படைக்கவேண்டும். அதற்குள் உன் பதில் வராவிட்டால் பூசிவிடுகிறேன். கேட்காமல் செய்யமாட்டேன்.

லயனல்


(தபால் அட்டை)
யார்க்
19 ஏப்ரல் 1984

லயனல், நாங்கள் நலம். நெவிலிடம் உன் கடிதத்தை உரக்கப் படித்துக் காட்டினேன். இருவரும் அழுதோம். பிறகு பேசினோம்.

பூசாதே. ரோ


லாம்பர்ட்வில்
20 செப்டம்பர் 1984

அன்பு ரோ,

எல்லோரும் சுகமா? ஹெட்டி வாய் திறந்து ஏதாவது சொல்கிறாளா? நான் சுகமில்லை, கோபத்தில் கொதிக்கிறேன்.

புத்தகம் வந்துவிட்டது. புரட்டிப் போட்டுவிட்டார்கள்! உங்கள் ஊரில் இல்லை, இங்கேயே, என் மூக்குக்குக் கீழேயே. டிராகன் அட்டை திறக்கும் பக்கம் பார்க்கவேண்டுமாம். கடைசி நேரத்தில் யாரோ ஸ்லைடைத் திருப்பி வைத்துவிட்டான். கம்பி இடது காதுக்குப் போகிறது. கேட்காத காதுக்கு! கோவாக் சட்டையைப் பிடித்தேன். “யாரு கவனிக்கப் போறாங்க?” என்கிறான். திரும்ப அச்சடிக்கமாட்டார்களாம்.

நீ அவ்வளவு யோசித்து, பூசாதே என்று எழுதினாய். உனக்கு நான் செய்து கொடுத்தது இதுதான். அனுப்பவே கூச்சமாக இருக்கிறது. ஹெட்டிக்கு விவரம் தெரியும் வயதில் அவளிடம் நீயே சொல்லிவிடு, மாமா காதை மாற்றி வரையவில்லை என்று.

மன்னித்துக்கொள்.

லயனல்


யார்க்
14 அக்டோபர் 1984

அன்புள்ள லயனல்,

கோபம் ஆறி, முதுகு நிமிர்ந்து, நீ நலமாக இருக்கவேண்டும். இங்கே நாங்கள் மூவரும் சுகம். எழுதும் பழக்கத்துக்காகச் சொல்லவில்லை. உண்மையாகவே.

உன் பொட்டலம் சனிக்கிழமை வந்தது. மேசை மேல் என் ‘உப்புக் கோட்டை’ இருந்தது. பக்கத்தில் உன்னுடையதை வைத்தேன். என்னுடையது வெள்ளைச் சுவரும் கதவுமாக மரியாதையாகப் படுத்திருந்தது. உன்னுடையது என்னவென்று சொல்வேன்? எழுத்தெல்லாம் தங்கம், புடைப்பு, புகை, பல். அம்மா பார்த்திருந்தால் இரண்டு தாள் போட்டிருப்பாள். எனக்கும் கை பழக்கதோஷம். எச்சில் கையால் பிடித்தால் கெட்டுவிடுமே என்று பழுப்புத்தாளை எடுத்து அளவுகூட வெட்டிவிட்டேன்.

அதற்குள் ஹெட்டி நாற்காலியில் ஏறிவிட்டாள். என் கதவைத் தள்ளி வைத்தாள். உன் டிராகனையும் அவள் பார்க்கவில்லை. தங்கத்தாள் ஒட்டிய பெட்டியைத் தடவினாள். பிறகு தன் நெஞ்சைத் தடவினாள். விரலைக் கம்பி வழியே மெல்ல மேலே கொண்டுபோய்ப் படத்துக் காதில் வைத்தாள். அப்படியே அந்தக் கையைத் தூக்கித் தன் காதில் வைத்தாள். வலது கை, வலது காது.

எனக்கு ஒரு நிமிடம் புரியவில்லை. நெவில்தான் சொன்னான்: “ஏய் ரோ, அவ தன்னை எங்க பார்த்திருக்கா? கண்ணாடியில மட்டும்தான?”

லயனல், நீ வரைந்தபடியே அச்சாகியிருந்தால் அது நாம் பார்க்கும் ஹெட்டி. கம்பி அவளுக்கு எதிர்ப்பக்கம் போயிருக்கும். அனுப்பாமல் அடுக்கி வைத்திருக்கிற போட்டோக்களை எத்தனையோ முறை காட்டியிருக்கிறேன், யாரோ என்பதுபோல் கீழே போட்டுவிடுவாள். புரட்டிப் போட்டதுதான் அவள் பார்க்கும் ஹெட்டி. தினமும் பெட்டியை மாட்டிவிடும்போது கூடத்துக் கண்ணாடிக்குள் இருந்து அவளைப் பார்ப்பவள் இவள்தான்.

கோவாக்கின் சட்டையை விட்டுவிடு. தெரியாமல் செய்த அந்தப் பையனுக்கு என் பெயரில் ஒரு கேக் வாங்கிக் கொடு.

உள்பைகளை எல்லாம் பிரித்துவிட்டேன். வார் இப்போது சட்டைக்கு மேலே. நேற்றுப் பேருந்தில் புத்தகத்தை மடியில் அட்டை தெரிய வைத்துக்கொண்டு வந்தாள். எதிரே இருந்த கிழவர் ஒருவர், “படத்துல இருக்கிறது நீயாம்மா?” என்று அவளைக் கேட்டார். நான்தான் பதில் சொன்னேன்: “அவளேதான். காது கேக்குறதுக்கு வச்சிருக்கோம். நீங்க கொஞ்சம் கிட்ட வந்து, முகத்தைப் பார்த்துப் பேசுங்க.” அவர் எழுந்து வந்து உட்கார்ந்து பேசினார். என்னென்னவோ பேசினார். வாத்து வளர்க்கிறாராம்.

வாய் திறந்து இன்னும் எதுவும் சொல்லவில்லை. கூப்பிட்டால் சில சமயம் திரும்புகிறாள். சில சமயம்தான். எண்ணிக்கொண்டிருக்கிறேன், பயமாகவும் இருக்கிறது. அதையும் இனிமேல் எழுதுவேன்.

பழுப்புத்தாளைப் போடவில்லை. கிழிந்தால் கிழியட்டும், நீ இன்னொன்று அனுப்பமாட்டாயா என்ன.

சனிக்கிழமை சாயங்காலம் அவள் புத்தகத்தை இழுத்துக்கொண்டு கூடத்துக் கண்ணாடிக்குப் போனாள். அட்டையை அதற்குக் காட்டிக்கொண்டு வெகுநேரம் நின்றாள். நான் பின்னால் நின்று எட்டிப் பார்த்தேன். கண்ணாடிக்குள் தலைப்பு, நூலாசிரியர் பெயர் எல்லாம் வலமிருந்து இடமாக ஓடின. கீழ் மூலையில் உன் கையெழுத்து மட்டும் நேராக இருந்தது.

எங்கள் மூவரின் அன்பும்,
ரோ